ஆடுவது எந்த மூட்டு? சிறிய மில்லிங் இயந்திரத்தின் கோளாறுகள், அறிகுறி வாரியாக

வீட்டுப் பட்டறைக்கு, சுழலும் கட்டரால் உலோகத்தை வெட்டும் சிறிய மில்லிங் இயந்திரம் வந்த முதல் ஆண்டில் நான் செய்த மேம்பாடுகளில் பாதி வீண். இரும்பில் பள்ளம் வெட்டும்போது இயந்திரம் கடகடவென்று அதிர்ந்தது. கட்டரைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலின் பேரிங்தான் காரணம் என்று யாரோ சொன்னதை நம்பி இரண்டு பேரிங்கையும் கழற்றி மாற்றினேன். ஒரு வாரத்து மாலைகள் அதற்கே சரியாகப் போயின. மாற்றி முடித்துக் கட்டரை இறக்கினால் அதே அதிர்வு, அதே ஓசை. அதற்குப் பிறகுதான் சிறு அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜை எடுத்து அளந்தேன். ஆடிக்கொண்டிருந்தது தூண். பேரிங்குக்கும் அந்த அதிர்வுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

ஆகவே எந்தப் பாகத்தை வாங்கலாம் என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் இயந்திரம் காட்டும் அறிகுறியைக் கீழே தேடுங்கள். பல அறிகுறிகள் நாம் செய்த மாற்றத்தாலேயே பிறந்தவை என்பதையும் போகப் போகப் பார்ப்பீர்கள்.

முதலில் அரை மணி நேரம்: மூட்டு மூட்டாக அளப்பது

கட்டரின் நுனியிலிருந்து ஸ்பிண்டில், பேரிங், தலை, தூண், அடித்தளம், சேடில் (மேசையைத் தாங்கி முன்பின் நகரும் பாகம்), மேசை, வைஸ் (துண்டைப் பிடிக்கும் இடுக்கி) என்று சுற்றி வந்து வெட்டப்படும் துண்டில் முடிகிறது ஒரு வளையம். வளையத்தில் எந்த மூட்டு தளர்ந்திருந்தாலும் விளைவு கட்டர் நுனியில்தான் தெரியும். அதனால்தான் கண்ணால் பார்த்துக் காரணம் சொல்ல முடிவதில்லை.

பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. 0.01 மி.மீ. காட்டும் டயல் கேஜும் காந்தத் தாங்கியும் வேண்டும். தாங்கியை மேசையில் நிறுத்தி, கேஜின் முனையை ஸ்பிண்டில் மூக்கில் முன்பக்கமாக வையுங்கள். தலையை இரு கையாலும் பிடித்து, ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கும் அளவு விசையோடு உங்களை நோக்கி இழுத்து விடுங்கள். முள் எவ்வளவு நகர்ந்தது, விட்டதும் பழைய இடத்துக்கு வந்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள். விசையை ஒரே அளவில் வைத்திருப்பது முக்கியம். கொக்கித் தராசு இருந்தால் 10 கிலோ காட்டும் வரை இழுத்தால் சிக்கல் இல்லை.

என் இயந்திரத்தில் அந்த மொத்த அசைவு 0.12 மி.மீ. இருந்தது. அடுத்து தாங்கியைத் தலையின் வார்ப்பு உடலிலேயே ஒட்டி, முனையை ஸ்பிண்டில் மூக்கில் வைத்து இழுத்தேன்: 0.01. ஆகப் பேரிங் குற்றவாளி அல்ல. தாங்கியைத் தூணில் ஒட்டி, முனையைத் தலையில் வைத்தேன்: 0.03. அது இசட் அச்சின், அதாவது தலை மேலும் கீழும் ஓடும் வழியின், ஜிப் தளர்வு; வழுக்குப் பாதையின் ஆட்டத்தை எடுக்கும் பட்டைதான் ஜிப். பிறகு தாங்கியை அடித்தளத்தில் ஒட்டி, ஸ்பிண்டில் மூக்கின் உயரத்திலேயே தூணைத் தொட்டு அளந்தேன்: 0.08. மூன்றையும் கூட்டினால் 0.12. கணக்கு நேராயிற்று, மேசையிலும் சேடிலிலும் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை என்பதும் தெரிந்தது.

இந்த நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இதே சோதனையைச் செய்யுங்கள். எண் குறையவில்லை என்றால் செய்த மாற்றம் அலங்காரம்தான்.

அறிகுறி: கட்டர் அலறுகிறது, பரப்பில் அலை அலையாகத் தடம் விழுகிறது

இயந்திரத்தைத் தொடுவதற்கு முன் கட்டரைப் பாருங்கள். கட்டரைக் கவ்விப் பிடிக்கும் கோலெட்டுக்கு வெளியே கட்டர் எவ்வளவு நீண்டிருக்கிறது? வளைவு நீளத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 30 மி.மீ. நீட்டிய கட்டரை 60 ஆக்கினால் அதே விசைக்கு எட்டு மடங்கு வளையும். விட்டத்திலோ நான்மடி: 6 மி.மீ. கட்டரை விட 12 மி.மீ. கட்டர் பதினாறு மடங்கு விறைப்பு. தூணுக்கு முட்டுக் கொடுப்பதற்கு முன் கட்டரை உள்ளே தள்ளிப் பிடித்தாலே பாதி அலறல் அடங்கிவிடும்.

அடுத்தது சுழலும் வேகமும் ஊட்டமும், அதாவது துண்டைக் கட்டருக்குள் நகர்த்தும் வேகமும். 10 மி.மீ. அதிவேக எஃகு எண்ட் மில் கட்டர், மென்னிரும்பு. வெட்டு வேகம் நிமிடத்துக்கு 25 மீட்டர் என்றால் ஸ்பிண்டில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 800 சுற்று சுற்ற வேண்டும். நான்கு பற்கள், ஒரு பல்லுக்கு 0.03 மி.மீ. என்றால் நிமிடத்துக்கு 96 மி.மீ. ஊட்டம். மேசையை நகர்த்தும் திருகான லீட் ஸ்க்ரூவின் மரை 2 மி.மீ. என்றால் கைச்சக்கரத்தை நிமிடத்துக்கு 48 சுற்று, அதாவது ஒன்றேகால் நொடிக்கு ஒரு சுற்று சுற்ற வேண்டும். ஒருமுறை கடிகாரத்தை வைத்துச் சுற்றிப் பாருங்கள். புதிதாகத் தொடங்கும் எல்லோரும் இதில் பாதி வேகத்தில்தான் சுற்றுகிறோம். அஞ்சி அஞ்சி ஊட்டினால் பல் வெட்டாமல் உரசும்; உரசினால் சூடேறும், மழுங்கும், அலறும். வேகத்தைக் கால் பங்கு குறைத்து, ஊட்டத்தைக் கூட்டிப் பாருங்கள். வெட்டின் ஆழத்தை அதன் பிறகு குறைக்கலாம்.

ஓட்டாத அச்சுகளைப் பூட்டினீர்களா? எக்ஸ் அச்சில் (இடவலம்) வெட்டும்போது ஒய் (முன்பின்), இசட் இரண்டும் பூட்டியிருக்க வேண்டும். பூட்டுத் திருகு இல்லாத இயந்திரத்தில் ஜிப் திருகுகளின் நடுவே ஒன்றைச் சேர்ப்பது ஒரு மணி நேர வேலை; நான் செய்த மாற்றங்களில் செலவுக்கு மிஞ்சிய பலன் தந்தது அதுதான்.

இவ்வளவுக்கும் பிறகும் அதிர்ந்தால் சுவரில் ஒட்டிய தாளுக்குப் போங்கள். தூண்தான் காரணம் என்று எண் சொல்கிறதா? சாயும் தூண் கொண்ட சிறிய இயந்திரங்களில் தூண் முழுவதும் அடியில் ஒரே ஒரு பெரிய நட்டின் பிடியில் நிற்கிறது. இடவலச் சாய்வு உங்களுக்கு உண்மையில் தேவையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் ஆறு ஆண்டில் ஒருமுறை கூடத் தலையைச் சாய்த்து வெட்டவில்லை. சாய்வு வேண்டுமானால் துண்டைச் சாய்த்துப் பிடித்தேன். அந்த மூட்டைக் கழற்றி, தொடும் முகங்களில் உள்ள வண்ணப்பூச்சையும் பிசிறையும் எடுத்து, நீலப் பசையைத் தடவிச் சேர்த்துப் பிரித்துப் பாருங்கள். எனக்கு இரண்டு மூலையில் மட்டும் நீலம் ஒட்டியது. மீதி இடமெல்லாம் வெறும் காற்று. முகத்தை அரத்தாலும் சுரண்டியாலும் சமப்படுத்திய பிறகு, தூணின் முதுகில் 12 மி.மீ. கனத் தகட்டை நிறுத்தி, அடித்தளத்தோடும் தூணோடும் போல்ட் போட்டு இறுக்கினேன். 0.08 என்ற எண் 0.02 ஆயிற்று.

தூணின் உள்ளே எப்பாக்சியும் கருங்கல் துகளும் கலந்து நிரப்புவதைப் பற்றி ஒரு வார்த்தை. அது அதிர்வை விழுங்கும். தளர்ந்த மூட்டை இறுக்காது. மூட்டைச் சரிசெய்யாமல் நிரப்பினால் ஆடுவது கனமாக ஆடும், அவ்வளவே. நிரப்பினால் திரும்ப எடுக்கவும் முடியாது. நான் அவசரத்தில் ஒரு போல்ட் துளையைத் துணியால் அடைக்க மறந்துவிட்டேன். கல்லாக இறுகிய கலவையைத் துளையிட்டு எடுத்த அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் நினைவில் இருக்கிறது.

அறிகுறி: அடுத்தடுத்த வெட்டுகளுக்கு இடையே நகத்தில் தட்டும் படி

மேசைப் பரப்புக்கு ஸ்பிண்டில் செங்குத்தாக இல்லை. பரப்பைச் சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பெரிய கட்டரால் சமப்படுத்தும்போது பின்வரும் பற்களும் மெல்லக் கீறிக் குறுக்கு வலை போன்ற தடம் விழுந்தால் செங்குத்து நன்றாக இருக்கிறது என்று பொருள். ஒரு பக்க வளைகோடுகள் மட்டுமே இருந்தால் தலை ஒருபுறம் சாய்ந்திருக்கிறது. எக்ஸ் அச்சில் வெட்டும்போது படி விழுந்தால் சாய்வு முன்பின்னாக. ஒய் அச்சில் விழுந்தால் இடவலமாக.

ஸ்பிண்டிலில் ஒரு கையைப் பொருத்தி, அதன் நுனியில் கேஜை வைத்து, 150 மி.மீ. விட்ட வட்டத்தில் கையால் சுழற்றி நான்கு திசையிலும் அளவு எடுங்கள். இசட் அச்சைப் பூட்டிய நிலையில் எடுக்க வேண்டும். மேசையின் டி பள்ளங்களில் முனை விழாமல் இருக்க நல்ல கண்ணாடித் துண்டையோ, பழைய பெரிய பேரிங்கின் வெளி வளையத்தையோ மேசையில் வைத்து அதன்மேல் ஓட்டலாம்.

இடவலச் சாய்வைத் தூண் நட்டைச் சற்றுத் தளர்த்தி, மரச் சுத்தியால் தட்டிச் சரிசெய்யலாம். இறுக்கும்போது அது நகரும். நகரும் அளவைக் கண்டுகொண்டு எதிர்ப்புறம் அவ்வளவு விட்டு வைத்து இறுக்குங்கள். முன்பின் சாய்வுக்கு ஷிம், அதாவது இடையில் செருகும் மெல்லிய தகடு, ஒன்றே வழி. முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் 150 மி.மீ. தூரத்தில் 0.06 வேறுபாடு, தூணின் முன் போல்ட்டுக்கும் பின் போல்ட்டுக்கும் இடைவெளி 100 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 0.06 பெருக்கல் 100 வகுத்தல் 150: தேவையான ஷிம் 0.04 மி.மீ. முன்புறத்தில் முள் அதிகம் ஏறினால் தலை முன்னோக்கிக் குனிந்திருக்கிறது. அடித்தளத்தின்மேல் நிற்கும் தூணாக இருந்தால் ஷிம் முன் போல்ட்டின் அடியில் போக வேண்டும். குளிர்பான டப்பாவின் அலுமினியத் தகடு ஏறத்தாழ 0.1 மி.மீ. இருக்கும். அதை விட மெல்லியது வேண்டுமானால் பழைய ஃபீலர் கேஜின் இதழை வெட்டிக்கொள்ளலாம்.

எல்லாம் சரியாக வைத்தும் மறுநாள் மாறிவிடுகிறது என்றால் மேலே சொன்ன தூண் மூட்டுக்குத் திரும்புங்கள். பிடிப்பில்லாத மூட்டில் ஷிம் வைப்பது ஓடும் பஸ்ஸில் ரசமட்டம் பார்ப்பது போல.

அறிகுறி: டயல் ஒன்று சொல்கிறது, துளை வேறிடத்தில் விழுகிறது

இரண்டு நோய்கள் இங்கே ஒரே முகத்தோடு வருகின்றன. திசையை மாற்றும்போது மட்டும் பிழை வருகிறது, எவ்வளவு தூரம் ஓட்டினாலும் அதே அளவுதான் என்றால் பேக்லாஷ், அதாவது மேசை நகராமல் சக்கரம் மட்டும் சுற்றும் வெற்றாட்டம். தூரம் கூடக் கூடப் பிழையும் கூடுகிறது என்றால் மரையின் அளவும் டயலின் பிரிவும் ஒத்துப்போகவில்லை. திருகையோ டயலையோ மாற்றிப் போட்டவர்களுக்கு இரண்டாவது அடிக்கடி வரும். அங்குலத்துக்கு 16 மரை கொண்ட திருகு ஒரு சுற்றுக்கு 1.5875 மி.மீ. நகரும்; அதை 1.6 என்று எடுத்துக்கொண்டு 100 மி.மீ. ஓட்டினால் 0.78 மி.மீ. குறைந்து நிற்கும். இதற்கு எந்த நட்டை இறுக்கியும் பயனில்லை.

பேக்லாஷ்தான் என்றால் அது எங்கே இருக்கிறது? நட்டிலா, கைச்சக்கரத்தின் பக்கம் திருகைத் தாங்கும் இடத்திலா? பலர் நேரே புது நட்டு வாங்கப் போகிறார்கள். அதற்கு முன் இதைச் செய்யுங்கள். லீட் ஸ்க்ரூவின் முனையில் ஒரு சிறிய மையக்குழி இருக்கும். அதில் ஒரு சிட்டிகை கிரீஸ் வைத்து, சைக்கிள் பேரிங்கின் எஃகுக் குண்டு ஒன்றை ஒட்டுங்கள். தட்டை முனை கொண்ட கேஜால் அந்தக் குண்டைத் தொட்டுக்கொண்டு கைச்சக்கரத்தை முன்னும் பின்னுமாகத் திருப்புங்கள். குண்டு சுழலும், ஆனால் முள் நகரக் கூடாது. முள் 0.12 நகர்ந்தால் திருகே நெடுக்கில் முன்னும் பின்னும் போகிறது, அந்த 0.12 நட்டின் தவறு அல்ல. மொத்தப் பேக்லாஷிலிருந்து அதைக் கழித்தால் மிஞ்சுவது நட்டின் பங்கு.

திருகின் நெடுக்காட்டத்துக்குத் தீர்வு இருபுறமும், நெடுக்கு விசையைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங். தண்டு 10 மி.மீ. என்றால் 51100 பொருந்தும்: வெளி விட்டம் 24, கனம் 9 மி.மீ. இடம் போதாவிட்டால் அதே 10க்கு 24 அளவில் ஊசி உருளை வகை இருக்கிறது. கூண்டின் கனம் 2 மி.மீ.தான், இரு பக்கத்து வாஷர்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். தாங்கும் முகங்கள் தண்டுக்குச் செங்குத்தாக இல்லாவிட்டால் சுற்றின் ஒரு பாதி இறுகும், மறுபாதி தளரும்.

நட்டில் தேய்மானம் என்றால் பிளந்த வெண்கல நட்டை இறுக்கி ஆட்டத்தை எடுக்கலாம். ஆனால் மேசையை நடுவில் வைத்து இறுக்காதீர்கள். திருகு எப்போதும் நடுவில்தான் அதிகம் தேய்ந்திருக்கும். நடுவில் சரியாக இறுக்கினால் ஓரத்தில் போய் மாட்டிக்கொள்ளும். ஓரத்தில் வைத்து இறுக்கி, நடுவில் சற்று ஆட்டம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

இதோடு சேர்ந்த இன்னோர் அறிகுறி: வெட்டும்போது மேசை திடீரென்று முன்னே பாய்கிறது, பல் உடைகிறது. ஊட்டும் திசையிலேயே பல்லும் இழுக்கும்படி வெட்டியிருக்கிறீர்கள். பேக்லாஷ் அளவுக்கு மேசையைக் கட்டர் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். பல்லுக்கு எதிராக ஊட்டுங்கள். கடைசியில் மேல்தோல் எடுக்கும்போது மட்டும், அச்சைப் பாதி பூட்டி இழுவிசையைக் கூட்டிக்கொண்டு, அந்தத் திசையில் போகலாம்.

அறிகுறி: மேசை ஓரிடத்தில் இறுகுகிறது, ஓரிடத்தில் தளர்கிறது

ஜிப் திருகுகளை மாறி மாறி இறுக்கி மாலையைத் தொலைக்க வேண்டாம். ஜிப்பை வெளியே எடுத்துப் பாருங்கள். பட்டறைக்கு வரும் நிலையில் பல ஜிப்புகள் வளைந்திருக்கும். திருகின் முனை உட்காரும் குழியும் திருகின் கோணமும் ஒத்திருக்காது. அப்படியானால் திருகு ஜிப்பை அழுத்துவதற்குப் பதில் மேலே ஏற்றும். கண்ணாடித் தட்டில் 400 எண் உப்புத்தாளை ஒட்டி, ஜிப்பின் வழுக்கு முகத்தைத் தேய்த்து எங்கே பளபளக்கிறது என்று பாருங்கள். இரு நுனி மட்டும் பளபளத்தால் நடுவில் குழிவு. முழு முகமும் ஒரே சீராகப் பளபளக்கும் வரை தேயுங்கள். திருகுகளின் முனையை உருண்டையாக்கி, குழியை அதற்கேற்பத் துளையிட்டுக்கொள்ளுங்கள்.

பொருத்தும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஒவ்வொரு திருகாகக் கைக்கு மெல்லிய பிடி தெரியும் வரை. ஓடவே முடியாத அளவு இறுக்கிவிட்டு அதன் பிறகு எண்ணெய் விடுவது இயந்திரத்தைத் தேய்க்கும் வேலை.

அறிகுறி: பேரிங் மாற்றிய பிறகு ஸ்பிண்டில் சூடாகிறது, அல்லது இரைகிறது

பழைய பேரிங்கின் எண்ணை அதன் ஓரத்திலேயே படிக்கலாம். 6206 என்றால் உள் விட்டம் 30, வெளி விட்டம் 62, கனம் 16 மி.மீ. அதே அளவில் கோணத் தொடர்பு வகைக்கு 7206. கூம்பு உருளை வகைக்கு 30206, ஆனால் அதன் கனம் 17.25. அந்த ஒன்றேகால் மில்லிமீட்டரை மறந்து பொருத்தினால் மூடி உட்காராது, அல்லது நட்டுக்கு மரை போதாது.

கையால் தொட முடியாத சூடு பத்து நிமிடத்தில் வந்தால் முன்னழுத்தம், அதாவது நட்டு பேரிங்கை இறுக்கும் அளவு, அதிகம்; அல்லது கிரீஸ் அதிகம். காலி இடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கிரீஸ் வேண்டாம். நிறைய வைத்தால் நல்லது என்ற எண்ணம் இங்கே செல்லாது. நட்டைச் சற்றுத் தளர்த்தி, குறைந்த வேகத்தில் பத்து நிமிடம், அடுத்த வேகத்தில் பத்து நிமிடம் என்று படிப்படியாக ஓட்டிப் பழக்குங்கள். வெதுவெதுப்பில் நின்றால் சரி.

உறுமும் ஓசை சீராக வந்தால் பொருத்தும்போது குண்டுகளின் வழியே அடித்திருக்கிறீர்கள். தண்டில் ஏற்றும்போது உள் வளையத்தை மட்டும், குழிக்குள் இறக்கும்போது வெளி வளையத்தை மட்டும் அழுத்த வேண்டும். தண்டைக் குளிரூட்டியில் வைத்து, பேரிங்கை 80 டிகிரி அளவுக்குச் சூடாக்கினால் அடிக்கவே தேவையிருக்காது. கோணத் தொடர்பு பேரிங்கைத் தலைகீழாகப் போட்டிருந்தால் வேறு அறிகுறி: காலியாக ஓடும்போது அருமையாக இருக்கும், துளையிடும்போது ஸ்பிண்டில் நெடுக்கில் நகரும்.

அறிகுறி: கட்டர் கோலெட்டிலிருந்து கீழே இறங்கி வெட்டு ஆழமாகிறது

திருகு வடிவப் பல் கட்டரைக் கீழே இழுக்கும். கோலெட்டில் எண்ணெய், அல்லது அளவு பொருந்தாத கோலெட். அரை அங்குலக் கோலெட்டில் 12 மி.மீ. கட்டரைப் பிடித்தால் பிடித்தது போலத்தான் இருக்கும். ஸ்பிண்டிலின் கூம்பில் நேரே உட்காரும் ஆர்8, எம்டி3 கோலெட்டுகள் தமக்குரிய ஒரே அளவுக்கானவை. நட்டால் இறுக்கும் இஆர் வகையில் கோலெட்டை முதலில் நட்டுக்குள் சொடுக்கி மாட்டிவிட்டே ஸ்பிண்டிலில் ஏற்ற வேண்டும். கோலெட்டை உள்ளே போட்டு நட்டை மேலே திருகினால் கோணலாகப் பிடிக்கும், கழற்றும்போது உள்ளேயே ஒட்டிக்கொள்ளும்.

இதற்கு நேரெதிர் தொல்லை எம்டி3 கூம்பு வெளியே வர மறுப்பது. அதன் கோணம் மிகச் சிறியது, தானாகவே கவ்வும். சூடான ஸ்பிண்டிலில் குளிர்ந்த கூம்பை ஏற்றி இறுக்கினால் ஸ்பிண்டில் ஆறும்போது இன்னும் கவ்வும். கூம்பை மேலே இழுத்துப் பிடிக்கும் நீண்ட போல்ட்டான ட்ராபாரை ஒரு சுற்று மட்டும் தளர்த்திப் பித்தளைச் சுத்தியால் ஒரு தட்டு. வரவில்லை என்றால் பலமாக அடிக்காதீர்கள். அந்த அடியெல்லாம் பேரிங்கின் ஓடுதளத்தில்தான் விழுகிறது. நிரந்தரத் தீர்வு, ஸ்பிண்டிலின் தலையில் ட்ராபாரின் வளையத்தைப் பிடித்து வைக்கும் ஒரு மூடி. தளர்த்தும்போது ட்ராபார் மேலே எழ முடியாமல் கூம்பைத் தானே கீழே தள்ளிவிடும்.

அறிகுறி: கியர் பல் உடைந்தது; பெல்ட்டுக்கு மாற்றியதும் வலு போயிற்று

தலைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் கியர் உடைந்தால் உடனே இரும்புக் கியருக்குப் பாயாதீர்கள். பிளாஸ்டிக் உடைந்ததால்தான் மோட்டாரும், தண்டோடு கியரைப் பூட்டும் சாவியும் தப்பின. ஏன் உடைந்தது என்பதைப் பார்க்க வேண்டும்: கட்டர் சிக்கியதா, ஓடும்போதே வேக நெம்பை மாற்றினீர்களா?

பெல்ட் மாற்றம் இரைச்சலை அடக்கும். விலையாகக் குறைந்த வேகத்தின் முறுக்குவலு போகும். கியரின் தாழ்நிலை இனி இல்லை. பெரிய துளையிலும் மரை வெட்டுவதிலும் மோட்டார் நின்றால் கோளாறு எதுவும் இல்லை, அதுதான் புதிய இயல்பு. சிறிய இரண்டாம் கப்பிப் படி ஒன்று வையுங்கள். பெல்ட் கிறீச்சிட்டால் இழுவை போதவில்லை. ஓரத்தில் கருந்தூள் கொட்டினால் இரு கப்பிகளும் ஒரே தளத்தில் இல்லை, நேர்சட்டத்தை முகத்தில் வைத்தால் தெரியும். முகப்பில் அச்சிட்ட வேக எண்கள் இனி பொய். சுற்றுமானியால் அளந்து புதிதாக எழுதி ஒட்டுங்கள்.

அறிகுறி: மோட்டார் விட்டுவிட்டு ஓடுகிறது, ஃபியூஸ் போகிறது

பிரஷ் கொண்ட நேர்மின் மோட்டாரில் முதலில் பிரஷ்களை உருவிப் பாருங்கள். பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் இரண்டையும் மாற்றுங்கள். அடுத்து, மின்கட்டுப்பாட்டுப் பலகையின் பெட்டியில் உலோகச் சீவல் புகுந்திருக்கிறதா? அலுமினியச் சீவல் காற்றோட்டத் துளை வழியே போய்ப் பலகையைச் சுடும். துளைக்குத் துணி வடிகட்டி போடுங்கள். பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளிக்கும் யோசனை வேண்டவே வேண்டாம். 230 வோல்ட் இணைப்பில் பலகையின் கொள்ளளவி 325 வோல்ட் வரை ஏறி நிற்கும், பிளக்கை உருவிய பிறகும் சில நிமிடங்கள் இருக்கும். பத்து நிமிடம் விட்டு, மீட்டரால் அளந்து, பிறகு தொடுங்கள்.

மூன்று முனை மோட்டாருக்கும் அதன் வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டருக்கும் (மின்தடைக்கு வைக்கும் வீட்டு இன்வெர்ட்டர் அல்ல) மாறியவர்கள் கேட்பது இரண்டு. மோட்டார் முனகுகிறது, வலுவில்லை: ஒருமுனை 230 வோல்ட் இன்வெர்ட்டருக்கு 230/400 மோட்டாரின் சுருள்களை டெல்டா முறையில் இணைக்க வேண்டும், ஸ்டார் முறையில் விட்டிருப்பீர்கள். கசிவுக் காப்புச் சுவிட்ச் விழுகிறது: இன்வெர்ட்டரின் வடிகட்டி இயல்பாகவே சிறிது மின்சாரத்தை நிலத்துக்குக் கசியவிடும். கையேடு சொல்லும் வகைக் காப்புச் சுவிட்சைப் போடச் சொல்லி மின்பணியாளரைக் கூப்பிடுங்கள். நில இணைப்பைக் கழற்றிவிடுவது உயிரோடு விளையாடுவது. இன்வெர்ட்டருக்கும் மோட்டாருக்கும் நடுவே சுவிட்ச் வைத்து ஓட்டத்தில் திறந்தால் இன்வெர்ட்டர் கருகலாம். நிறுத்துவதெல்லாம் அதன் கட்டுப்பாட்டு முனைகள் வழியே நடக்கட்டும்.

அறிகுறி: டிஜிட்டல் அளவுகாட்டியின் எண்கள் தாவுகின்றன

மோட்டார் ஓடும்போது மட்டும் தாவினால் மின்னிரைச்சல். அளவுகோலின் உடலையும் இயந்திரத்தையும் ஒரே நிலப் புள்ளியில் சேருங்கள், மோட்டார்க் கம்பியிலிருந்து சிக்னல் கம்பியை விலக்குங்கள். மோட்டார் நின்றிருக்கும்போதும் அச்சை 50 மி.மீ. ஓட்டித் திரும்பினால் சுழிக்கு வரவில்லையா? படிக்கும் தலையின் தாங்கி வளைகிறது. மெல்லிய தகட்டில் தாங்கி செய்த எல்லோருக்கும் இது வரும். விரலால் அழுத்துங்கள், எண் மாறினால் கனமான தாங்கி செய்யுங்கள்.

அளவுகாட்டி வந்துவிட்டால் பேக்லாஷ் போய்விட்டது என்று நினைப்பது பெரிய ஏமாற்று. மேசை எங்கே இருக்கிறது என்று அது சொல்லும். கட்டர் மேசையை இழுப்பதைத் தடுக்காது.

அறிகுறி: தலை தானாக இறங்குகிறது

தலையைத் தாங்கும் ஸ்பிரிங் கையை எடுத்துவிட்டு எரிவாயு உந்துதண்டு போடலாம். தலை 20 கிலோ என்றால் 200 நியூட்டனுக்குச் சற்றுக் கூடுதலாக எடுங்கள். அப்போது இசட் அச்சின் ஆட்டம் எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும், பூட்டைத் திறந்தால் தலை விழாமல் மெல்ல எழும். தண்டு கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள்; எண்ணெய் முத்திரையை நனைத்துக்கொண்டிருக்கும், நாள்பட உழைக்கும். மாட்டும் வரை தலைக்கு அடியில் கட்டை முட்டுக் கொடுங்கள்.

அறிகுறி: பால் ஸ்க்ரூ, ஸ்டெப்பர் மோட்டார் போட்ட பிறகு அளவு நழுவுகிறது

கைச்சக்கரத்தோடு பால் ஸ்க்ரூ, அதாவது நட்டுக்குள் குண்டுகள் உருளும் திருகு, போட்டவர்களுக்கு: அதற்குத் தன்னைப் பூட்டும் குணம் இல்லை. கட்டர் தள்ளினால் சக்கரம் தானே சுழலும். அச்சுப் பூட்டு இல்லாமல் ஓட்ட வேண்டாம்.

கணினிக் கட்டுப்பாட்டில் 1605 வகைத் திருகு, அதாவது 16 மி.மீ. விட்டம், சுற்றுக்கு 5 மி.மீ.; சுற்றுக்கு 200 படி நகரும் ஸ்டெப்பர் மோட்டார், எட்டில் ஒரு நுண்படி என்றால் மில்லிமீட்டருக்கு 320 துடிப்பு. ஒவ்வொரு திசை மாற்றத்துக்கும் சிறுகச் சிறுக ஒரே பக்கம் நழுவினால் துடிப்பின் முனைமை தலைகீழாக இருக்கலாம். அமைப்பில் மாற்றிப் பாருங்கள். எப்போதாவது திடீரென்று பெரிதாக நழுவினால் முடுக்கம் அதிகம், அல்லது மோட்டாரையும் திருகையும் இணைக்கும் கப்ளிங்கின் திருகு வழுக்குகிறது. தண்டின் மீதும் கப்ளிங்கின் மீதும் சேர்த்து மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். கோடு பிரிந்தால் அதுதான்.

அறிகுறி: அளந்ததெல்லாம் சரி, துண்டு மட்டும் சதுரமாக வரவில்லை

வைஸைப் பாருங்கள். இறுக்கும்போது நகரும் தாடை மேலே எழுந்து துண்டையும் தூக்குகிறது. துண்டின் அடியில் நான்கு மூலையிலும் காகிதச் சீட்டு வைத்து இறுக்கி, ஒவ்வொன்றையும் இழுங்கள். உருவி வரும் மூலை தூக்கியிருக்கிறது. நகரும் தாடைக்கும் துண்டுக்கும் நடுவே உருண்டைத் தண்டு ஒன்றை வைத்துப் பிடித்தால் துண்டு நிலைத் தாடையில் முழு முகமாகப் படியும். மரச் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டி மீண்டும் சீட்டுகளை இழுத்துப் பாருங்கள்.

அதற்குப் பிறகும் கோணல் இருந்தால் நிலைத் தாடையின் தகட்டைக் கழற்றுங்கள். நான் கழற்றியபோது பின்னால், அடிவிளிம்பில், ஒற்றை அலுமினியச் சீவல் நசுங்கி ஒட்டியிருந்தது. மைக்ரோமீட்டரில் அதன் கனம் 0.07 மி.மீ. தாடையின் உயரத்துக்கு என் துண்டில் கண்ட கோணலும் ஏறத்தாழ அவ்வளவே.